இது என்ன விமானம்?
விநோத விமானங்களை இனங்காணும் விளையாட்டு: ஒரு பார்வை

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதில் பறக்கும் விமானத்தின் இன்ஜினும் வாலும் ஒரே நீள உடலில் இருக்கின்றன; ஆட்கள் மட்டும் அந்த உடலில் இல்லை. அவர்கள் வலப்புற இறக்கையின் மேல் தனியாகப் பொருத்திய கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வால் இறக்கை இடப்பக்கம் நீண்டிருக்கிறது, வலப்பக்கம் ஏறக்குறைய இல்லை. எண்களும் சின்னங்களும் படத்திலிருந்து அழிக்கப்பட்டுவிட்டன. கேள்வி ஒன்றுதான்: இது என்ன விமானம்?

விமான ஆர்வலர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் வினாடி வினா இது. மேலே சொன்ன படத்துக்கு விடை, 1938இல் முதலில் பறந்த ஜெர்மானிய உளவு விமானமான புளோம் உன்ட் ஃபோஸ் பிவி 141. விடை தெரிந்தவர் மதிப்பெண் பெறுகிறார், தெரியாதவர் அடுத்த படத்துக்குப் போகிறார். இப்படிப் பார்த்தால் இது வெறும் மனப்பாடப் போட்டி. ஆனால் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது, அதில் தேர்ந்தவர்கள் எப்படி யோசிக்கிறார்கள், பெரிய நிபுணர்களே எங்கே சறுக்கினார்கள் என்று ஆராய்ந்தால் வேறொன்று புலப்படும். பெயர் சொல்வது இதில் கடைசிப் படி. அதற்கு முன்பு, இந்த வடிவம் எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்தக் கேள்விக்கு இடம் தரும் படமே நல்ல புதிர்.

போர் தந்த பாடம்

விமானத்தை உருவத்தால் அறியும் பழக்கம் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. 1939 செப்டம்பர் 6. பிரிட்டன் போர் அறிவித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எதிரி வருவதாகத் தவறான எச்சரிக்கை ஒன்று கிளம்ப, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தங்கள் படையின் ஹரிக்கேன்களையே ஜெர்மானியர் என்று எண்ணிச் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன, ஒரு விமானி இறந்தார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் சண்டை விமானி அவர்தான். 'பார்க்கிங் கிரீக் சண்டை' என்று கசப்பான கேலியோடு வரலாறு அதைக் குறித்துவைத்திருக்கிறது.

அன்றைய ரேடார் கடலை நோக்கியே பார்த்தது. கரையைத் தாண்டி உள்ளே நுழைந்த விமானத்தைத் தொடர்ந்து கவனிக்க மனிதக் கண்ணும் காதும்தான் இருந்தன. அந்தப் பணியைச் செய்தது 1925இல் உருவான அப்சர்வர் கோர் என்ற தன்னார்வலர் படை. சாதாரணத் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் முறைபோட்டு வானத்தைக் கண்காணித்தார்கள். தங்கள் திறனைக் கூர்மையாக்க அவர்களில் சிலர் 1939இல் கில்ட்ஃபோர்ட் நகரில் ஹார்க்கர்ஸ் கிளப் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். நிழலுருக்களைக் காட்டிப் பெயர் கேட்பது, தேர்வு நடத்துவது என்று அங்கே நடந்ததைத்தான் இன்றைய விளையாட்டின் முன்னோடி என்று சொல்ல வேண்டும். 1941இல் 'தி ஏரோபிளேன் ஸ்பாட்டர்' என்ற இதழே இதற்கென வெளிவந்தது. பள்ளிச் சிறுவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள்.

அமெரிக்கா இன்னும் ஒரு படி போனது. 1942இல் அதன் கடற்படை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி கேட்டது. 1:72 என்ற அளவில், கறுப்பு வண்ணம் பூசி, பயிற்சி வகுப்புகளில் தொங்கவிட அவை பயன்பட்டன. இன்றும் பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் பெருமளவில் அதே 1:72 அளவில் விற்பதை ஆர்வலர்கள் அறிவார்கள். சீட்டுக்கட்டுகளிலும் விமான நிழலுருக்களை அச்சிட்டார்கள். ஓய்வு நேரத்தில் ரம்மி ஆடும் சிப்பாய் தன்னை அறியாமலே பாடம் படித்தான்.

இத்தனை பயிற்சிக்குப் பிறகும் மனிதக் கண்ணை முழுதாக நம்ப முடியவில்லை. 1944 நார்மண்டிப் படையெடுப்பின்போது நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைத் தீட்டினார்கள். அதோடு அப்சர்வர் கோரிலிருந்து நூற்றுக்கணக்கானோரைக் கப்பல்களில் ஏற்றி, பீரங்கி வீரர்களுக்கு அருகில் நிறுத்தினார்கள். 'அது நம்முடையது, சுடாதே' என்று சொல்வதே அவர்களின் முதல் வேலை.

கண் எதைப் பிடிக்கிறது

இனங்காணும் முறையில் அன்றே இரண்டு கட்சிகள் இருந்தன. முதல் கட்சி பகுதி பகுதியாகப் பார்க்கச் சொன்னது: இறக்கை, இன்ஜின், உடற்பகுதி, வால் என்ற நான்கையும் வரிசையாகச் சோதி, பிறகு முடிவுக்கு வா. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சாமுவேல் ரென்ஷா இதை மறுத்தார். நான்கையும் சோதித்து முடிப்பதற்குள் விமானம் தலைக்கு மேல் வந்துவிடும் என்பது இந்த இரண்டாம் கட்சியின் வாதம். படத்தை நொடியின் மிகச் சிறு பகுதி நேரம் மட்டும் திரையில் மின்னச் செய்து, முழு உருவத்தையும் ஒரே வீச்சில் உள்வாங்கும் பயிற்சியை அவர் வகுத்தார். அமெரிக்கக் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது.

போர்க்களத்துக்கு ரென்ஷாவின் வழி பொருந்தியிருக்கலாம். புதிர் விளையாட்டுக்குப் பழைய வழியே மேல். ஏனெனில் முழு உருவம் மனத்தில் பதிய அந்த விமானத்தை முன்பே பலமுறை பார்த்திருக்க வேண்டும். இதுவரை பார்த்திராத ஒன்றை அடையாளம் காண, பகுதிகளைக் கொண்டு தர்க்கம் செய்வதைத் தவிர வழியில்லை.

'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' என்ற 1969ஆம் ஆண்டுத் திரைப்படம் இதற்கு நல்ல உதாரணம். அதில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள் கூட்டமாகப் பறக்கும். இறக்கையும் வாலும் சரியாகவே இருக்கும். ஆனால் மூக்கைக் கவனியுங்கள். அசல் ஜெர்மானிய விமானத்தின் டைம்லர் பென்ஸ் இன்ஜினில் சிலிண்டர்கள் தலைகீழாக அமைந்தவை. ஆகவே புகைபோக்கிகள் மூக்கின் கீழ்ப்பகுதியில் வரிசையாக இருக்கும். படத்தில் வருபவற்றிலோ அவை மேலே இருக்கின்றன. அவை ஸ்பெயினில் தயாரித்த புச்சோன் விமானங்கள். உள்ளே இருப்பது பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். ஸ்பிட்ஃபயரின் இதயத்தைச் சுமந்துகொண்டே அவை ஸ்பிட்ஃபயரை எதிர்த்து நடித்தன. ஒரு வரிசைப் புகைக்குழாய் சொன்ன கதை இது.

இப்படிப் பேசும் உறுப்புகள் வேறும் உண்டு. மூக்கு வட்டமாகவும் அகலமாகவும் இருந்தால் காற்றால் குளிரும் நட்சத்திர வடிவ இன்ஜின். ஒடுங்கி நீண்டிருந்தால் பெரும்பாலும் திரவத்தால் குளிர்வது. உடலுக்கு மேலே வளர்ந்த உயரமான இறக்கை, சரக்கையோ கரடுமுரடான ஓடுதளத்தையோ சுட்டும். பதிவு எழுத்துகள் அழியாமல் இருந்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். வி-டி என்றால் இந்தியா, 4-ஆர் என்றால் இலங்கை, ஜி என்றால் பிரிட்டன். அதனால்தான் புதிர் போடுகிறவர் முதலில் அவற்றை அழிக்கிறார்.

விநோதம் எதனால் வருகிறது?

விசித்திர விமானங்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் அவை மூன்று வகையில் அடங்குகின்றன.

முதல் வகை, குறிப்பிட்ட வேலைக்காக வளைந்தவை. பிவி 141 இதில்தான் சேரும். தரையை நன்றாகப் பார்க்க வசதியான, ஒற்றை இன்ஜின் உளவு விமானம் வேண்டுமென்று ஜெர்மானிய விமான அமைச்சகம் கேட்டது. இன்ஜின் முன்னால் இருந்தால் பார்வையை மறைக்கும். வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஃபோக்ட் இன்ஜினை ஒரு பக்கமும் ஆட்களை மறுபக்கமும் பிரித்துவைத்தார். விமானம் நன்றாகவே பறந்தது. ஆனாலும் அதே தேவைக்கு இரட்டை இன்ஜினோடு போட்டியிட்ட ஃபோக்கே-வுல்ஃப் 189தான் பெருமளவு உற்பத்திக்குப் போனது. நாற்பது ஆண்டு கழித்து, 1979இல், 'நன்றாகப் பார்க்க வேண்டும்' என்ற அதே தேவைக்குப் பிரிட்டனின் எட்ஜ்லி ஆப்டிகா வேறொரு விடை தந்தது. முன்னால் கண்ணாடிக் குமிழ், அதற்குப் பின்னால் வளையத்துக்குள் சுழலும் காற்றாடி.

ஆஸ்திரேலியாவின் டிரான்சேவியா ஏர்டிரக்கும் இப்படித்தான். அதன் இரண்டு வால்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்கும். பார்த்தவுடன் பாதியில் விட்ட வேலை போலத் தோன்றும். வயலில் உரம் தூவ வந்த விமானம் அது. உர லாரி அந்த இரண்டு வால்களுக்கும் நடுவே நேராக வந்து உரத்தை நிரப்பிவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. 1985இல் வந்த மூன்றாவது 'மேட் மேக்ஸ்' படத்தில் அதைப் பார்த்த பலர், படத்துக்காகச் செய்த பொம்மை என்றே நினைத்தார்கள்.

இரண்டாம் வகை, ஒரு கோட்பாட்டின் பிள்ளைகள். 1932இல் பறந்த இத்தாலியின் ஸ்டிப்பா-கப்ரோனி, இரு முனையும் திறந்த பீப்பாய்க்கு இறக்கை முளைத்த தோற்றம் கொண்டது. இன்ஜினையும் புரொப்பெல்லரையும் குழாய்க்குள் வைத்தால் காற்று அதில் வேகம் பிடிக்கும் என்பது லூயிஜி ஸ்டிப்பாவின் கணிப்பு. வேகத்தில் அது சாதிக்கவில்லை. ஆனால் மிக மெதுவாகத் தரையிறங்கியது, நிலைகுலையாமல் பறந்தது. அமெரிக்காவில் 1942இல் பறந்த வாட் வி-173 ஏறக்குறைய வட்டமான ஒரே இறக்கை. அதன் இரு ஓரங்களிலும் பெரிய புரொப்பெல்லர்கள். இறக்கை நுனியில் எழும் சுழல்காற்றைப் புரொப்பெல்லரின் எதிர்ச்சுழற்சி அடக்கினால் குட்டை இறக்கையும் நன்றாகத் தூக்கும் என்று சார்ல்ஸ் ஜிம்மர்மன் நம்பினார். அது பறந்தும் காட்டியது. ஜெட் யுகம் வந்துவிட்டதால் அந்தப் பாதை மூடியது.

கோட்பாடு கைவிட்டதும் உண்டு. இத்தாலியின் கப்ரோனி 60 ஒன்பது இறக்கை, எட்டு இன்ஜினோடு நூறு பயணிகளை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோகத் திட்டமிட்ட பறக்கும் படகு. 1921 மார்ச்சில் மஜ்ஜோரே ஏரியில் எழும்பிய சற்று நேரத்திலேயே நீரில் வீழ்ந்து நொறுங்கியது. இன்னொன்று, 1948இல் பறந்த மெக்டானல் எக்ஸ்எஃப்-85. குண்டு வீசும் பெரிய விமானத்தின் வயிற்றுக்குள் அடங்க வேண்டிய காவல் விமானம் அது. நீளம் நாலரை மீட்டர்தான், சக்கரமே கிடையாது. பறந்து முடித்ததும் தாய் விமானம் நீட்டும் ஊஞ்சல் கம்பியில் கொக்கியை மாட்டி வீடு திரும்ப வேண்டும். முதல் முயற்சியிலேயே கம்பி விமானியின் கண்ணாடி மூடியை உடைத்தது. விமானத்தின் வயிற்றைத் தரையில் உரசி அவர் இறங்க நேர்ந்தது. கைதேர்ந்த சோதனை விமானிக்கே பிடிபடாத கொக்கி, களத்தில் இருக்கும் விமானிக்கு எப்படிப் பிடிபடும்? திட்டம் பிறகு கைவிடப்பட்டது.

மூன்றாம் வகை, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றப்பட்டவை. இவையே தேர்ந்த ஆட்டக்காரரையும் திணறவைக்கும். பிரிட்டனின் கார்வேர், பழைய டிசி-4 விமானத்தின் மூக்கை வெட்டிப் புதிதாக ஒட்டியது. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிச் செல்ல, கார்கள் முன்பக்கக் கதவு வழியே நேராக உள்ளே ஏற வேண்டியிருந்தது. அதனால் விமானி அறையை மேலே தூக்கி வைத்தார்கள். போயிங் 747இன் திமிலுக்கும் அடிப்படைக் காரணம் அதே மூக்குச் சரக்குக் கதவுதான். கார்வேரைப் பார்த்ததும் 747 நினைவுக்கு வருவது தற்செயல் அல்ல. ஒரே தேவை ஒரே முகத்தைத் தந்திருக்கிறது. பறக்கும் சோதனைச் சாலைகளும் இந்த வகையே. வாலின் ஒரு பக்கம் இரண்டு இன்ஜினும் மறுபக்கம் ஒரே ஒரு பருத்த இன்ஜினும் கொண்ட விசி-10 விமானப் படம் போலி அல்ல. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி 211 இன்ஜினைச் சோதித்தது அப்படித்தான்.

வல்லுநர்கள் தோற்ற இடங்கள்

விளையாட்டில் தவறினால் மதிப்பெண் போகும். உளவுத் துறையில் தவறினால் அரசின் கணக்கே பிசகும். அப்படிப் பிசகிய சில நிகழ்வுகள் இந்தக் கலையின் எல்லையைக் காட்டுகின்றன.

1940இல் ஜெர்மனி, படையில் சேராத ஒரு டஜன் ஹைன்கல் 100 விமானங்களை வெவ்வேறு படைப்பிரிவுச் சின்னங்கள் மாற்றி மாற்றித் தீட்டிப் படமெடுத்து, 'ஹைன்கல் 113' என்ற புதிய விமானம் களத்துக்கு வந்துவிட்டதாகப் பரப்பியது. பிரிட்டனில் அடையாளக் கையேடுகளில் அது ஏறியது. பிரிட்டிஷ் விமானிகள் அதனோடு மோதியதாக அறிக்கையும் கொடுத்தார்கள். இல்லாத விமானத்தோடு யாரும் மோதியிருக்க முடியாது. எதிர்பார்த்ததைக் கண் பார்த்திருக்கிறது.

1958 டிசம்பரில் அமெரிக்காவின் மதிப்புமிக்க விமான வார இதழ் ஒன்று, சோவியத் ஒன்றியம் அணுசக்தியால் இயங்கும் குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிடுவதாக எழுதியது. அது மியாசிஷ்சேவ் எம்-50. வழக்கமான ஜெட் இன்ஜின்தான். அதன் முதல் பறப்பே 1959இல்தான் நடந்தது. 1986இல் டெஸ்டர்ஸ் நிறுவனம், அமெரிக்கா மறைத்துவைத்திருப்பதாகப் பேசப்பட்ட ரேடாருக்குச் சிக்காத விமானத்தை ஊகித்து, 'எஃப்-19' என்ற மாதிரியை விற்றது. வழவழவென்ற வளைவுகள் கொண்டது அது. 1988 நவம்பரில் வெளியான அசல் எஃப்-117இன் படமோ தட்டையான பலகைகளைக் கோணம் கோணமாக இணைத்தது போலிருந்தது. ஊகித்தவர்கள் அழகைத் தேடினார்கள், வடிவமைத்தவர்கள் ரேடார் அலையைக் கணக்கிட்டார்கள்.

இவற்றுக்கு நேர்மாறாக, தர்க்கம் வென்ற நாளும் உண்டு. 1944இல் ஜப்பானுக்கு எதிரான தாக்குதலின்போது மூன்று அமெரிக்க பி-29 விமானங்கள் சோவியத் மண்ணில் இறங்கின. ஸ்டாலின் அவற்றைத் திருப்பித் தரவில்லை. 1947 ஆகஸ்ட் 3 அன்று மாஸ்கோவுக்கு அருகே துஷினோ அணிவகுப்பில் பி-29 போன்ற மூன்று விமானங்கள் பறந்தன. பறிபோன மூன்றும் இவைதான் என்று மேற்கத்தியப் பார்வையாளர்கள் எண்ண இடமிருந்தது. அப்போது நான்காவது ஒன்று வந்தது. அதே இறக்கை, பயணிகளுக்கான புதிய உடல். அந்த நான்காவது விமானம் உண்மையை உடைத்தது: சோவியத் பொறியாளர்கள் பி-29ஐப் பிரித்துப் பார்த்து, தாங்களே தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். டியூ-4 என்ற அந்த நகலால் அமெரிக்காவின் பாதுகாப்புக் கணக்கு மாறியது.

இந்திய அலமாரி

இந்த விளையாட்டில் இந்தியப் படங்கள் குறைவாகவே வருகின்றன. அது சரக்கு இல்லாததால் அல்ல.

வடிவமைப்பாளரின் கைவண்ணத்தை வைத்து விமானத்தை அறிவது ஆட்டத்தின் உயர்ந்த படி. ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ உருவாக்கிய குர்ட் டாங்க், போருக்குப் பின் அர்ஜெண்டினாவில் புல்கி-2 என்ற விமானத்தை உருவாக்கினார். பிறகு பெங்களூரு வந்து ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் எச்எஃப்-24 மாருத்தை வடிவமைத்தார். அது 1961 ஜூன் 17 அன்று பறந்தது. அதே காலத்தில் எகிப்தில் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் எச்ஏ-300 என்ற சிறு சண்டை விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1964 மார்ச் 7 அன்று அதை முதலில் ஓட்டியவர் இந்திய விமானப்படையின் கபில் பார்கவா. அதற்கான எகிப்திய இன்ஜினைச் சோதிக்க ஒரு மாருத் விமானமும் எகிப்து சென்றது. போர்க்காலத்தில் போட்டியிட்ட இரண்டு ஜெர்மானியப் பெயர்கள் நைல் கரையில் இந்தியா வழியே சந்தித்த வரலாறு இது.

இரட்டை வால் கொண்ட சி-119 பாக்கெட் சரக்கு விமானத்தின் முதுகில் ஒரு ஜெட் இன்ஜின் உட்கார்ந்திருக்கும் படம் கிடைத்தால், அதுவே ஒரு நல்ல தடயம். முதலில் இந்திய விமானப்படையை நினைக்கலாம். லடாக்கின் உயரமான ஓடுதளங்களில் மெலிந்த காற்றில் எழும்ப அந்தக் கூடுதல் விசை தேவைப்பட்டது. பிரிட்டிஷ் படை கான்பூரில் சேதப்படுத்திக் கைவிட்டுப்போன பி-24 லிபரேட்டர்களை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் மீட்டுச் சீராக்கியது. 1968 வரை அவை பறந்தன. இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா நாடுகளின் அருங்காட்சியகங்களில் உள்ள சில லிபரேட்டர்கள் இந்தியாவிலிருந்து போனவை. 1933இல் இந்திய விமானப்படையின் முதல் படையணி தொடங்கியபோது கையில் இருந்த வெஸ்ட்லேண்ட் வாபிட்டி, தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் முழு உருவில் நிற்கிறது.

நல்ல புதிர் எது?

இன்று எந்தப் படத்தையும் தேடுபொறியில் போட்டால் பெயர் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், செயற்கை நுண்ணறிவு வரைந்த விமானங்கள் பழைய புகைப்படம் போலவே உலவுகின்றன. கப்ரோனி 60இன் உண்மைப் படத்தை முதன்முறை பார்க்கிறவர் அதைப் போலி என்று ஒதுக்குவார். பறக்கவே முடியாத ஒரு போலிப் படத்தை நம்புவார். பெயரை மட்டும் கேட்கும் விளையாட்டு இந்தச் சூழலில் செத்துப்போகும். காரணத்தைக் கேட்கும் விளையாட்டு பிழைக்கும். புரொப்பெல்லர் தரையைத் தொடாமல் சுழல இடம் இருக்கிறதா, சக்கரங்கள் எங்கே மடங்கும், இன்ஜினுக்குக் காற்று எந்த வழியாகப் போகும் என்று கேட்கப் பழகிய கண், போலியையும் பிடித்துவிடும்.

ஆகவே புதிர் அமைப்பவருக்கு மூன்று விதிகளைச் சொல்லலாம். ஒரே ஒரு முறை பறந்து, ஒரே ஒரு மங்கலான படத்தை விட்டுச்சென்ற விமானத்தைக் கேட்டு எதிராளியை மடக்குவது திறமை அல்ல. விடைக்கான தடயம் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பெயருக்கு ஒரு மதிப்பெண் என்றால், வடிவத்தின் காரணத்துக்கு இரண்டு கொடுங்கள். தவறான விடையையும் விளக்கச் சொல்லுங்கள். எச்எஃப்-24ஐ வேறொரு ஜெட் என்று சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்பது சரியான விடையைவிடப் பயன்தரலாம்.

பள்ளி, கல்லூரிகளில் வினாடி வினா நடத்துவோர் இந்த விதிகளோடு ஒரு சுற்றை விமானங்களுக்கு ஒதுக்கிப் பார்க்கலாம். செலவு இல்லை, பத்துப் படங்கள் போதும். இயற்பியலும் வரலாறும் ஒரே கேள்வியில் சேர்ந்து வரும் விளையாட்டுகள் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.